ஏணி வாசல் எந்தப் பக்கம்

அன்பு மகள் பர்வீனுக்கு, பட்டறையில் உட்கார்ந்து உன் அத்தா சலாம் சொல்லி எழுதுவது.

வருகிற சனிக்கிழமை நீ புனேவுக்கு ரயில் ஏறிவிடுவாய். உன் அம்மா ஒரு வாரமாக உன் பெட்டியை அடுக்குகிறாள், கலைக்கிறாள், மறுபடி அடுக்குகிறாள். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் "நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பு. அதை மடித்துப் பெட்டியில் வைக்க முடியாது. அதனால் எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் பட்டறைக்கு வந்து, வேலையாட்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் இதை ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைகள் இருக்கும், திருத்தாமல் படி. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாலைந்து முறை வாயெடுத்தேன். நீ நிமிர்ந்து "என்னத்தா?" என்று கேட்டதும் "ஒண்ணுமில்லம்மா, சாப்பிட்டியா?" என்று முடித்துவிட்டேன். எழுத்தில்தான் எனக்குத் தைரியம் வருகிறது. இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உன் அம்மா படிக்கட்டும், பட்டறையில் இருப்பவர்கள் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஏன் என்று படிக்கப் படிக்க உனக்கே தெரியும்.

நான் சவுதியில் ஒன்பது வருஷம் இருந்தேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன வேலை பார்த்தேன் என்பது உன் அம்மாவுக்குக் கூடச் சரியாகத் தெரியாது. நான் ஃபேப்ரிகேஷன் ஃபோர்மேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஃபோர்மேனுக்கு உதவியாள். பெரிய பெரிய டிராயிங் தாள்களை மேஜையில் விரிப்பார்கள். ஃபோர்மேன் அதைப் பார்த்து இரும்பின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பார். அந்தக் கோட்டில் நான் வெட்டுவேன், ஒட்டுவேன். என் வெட்டு சுத்தமாக இருக்கும், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தாளைப் படிக்கத் தெரியாது. நாலு பேர் தாளைச் சுற்றி நின்று தலையாட்டும்போது நானும் ஆட்டுவேன். ஒன்பது வருஷம் அப்படியே தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து பட்டறை போட்டேன். கேட், ஜன்னல் கம்பி, தகரக் கூரை என்றால் தாளே வேண்டாம். டேப்பைப் பிடித்து அளந்தால் முடிந்தது. எப்போதாவது யாராவது டிராயிங் கொண்டுவந்தால் முன்பக்கப் படத்தைப் பார்த்து, மற்றதை ஊகித்து, ஒப்பேற்றிவிடுவேன். "பாய் சவுதியில டிராயிங் பார்த்து வேலை செஞ்சவரு" என்று மற்றவர்கள் சொல்வதை நான் மறுத்ததே இல்லை.

ஆரோக்கியசாமியை உனக்கு நினைவிருக்கும். நீ ஏழாவது படிக்கும்போது பட்டறைக்கு வந்த வெல்டர். வையம்பட்டிக்காரர். பேச்சு குறைவு, கை சுத்தம். அவர் ஒட்டிய இடத்தைத் தேய்க்காமலே பெயின்ட் அடிக்கலாம். பெருநாளைக்கு நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவார். நீ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாய். நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஜீயபுரத்தில் ஒரு அரிசி மில்லுக்கு வேலை வந்தது. புதிதாக ஏதோ மெஷின் இறக்கினார்கள். அதன் மேலே ஆள் ஏறி நின்று பார்ப்பதற்கு ஒரு இரும்பு மேடை செய்ய வேண்டும். சுற்றிக் கைப்பிடி, ஒரு பக்கத்தில் மட்டும் கைப்பிடி இல்லாமல், ஏணி ஏறி வருவதற்கு வாசல். மெஷின் செய்த கம்பெனியே டிராயிங் கொடுத்தது. ஒரே தாள், அதில் இரண்டு படம். இடது கைப்பக்கம் மேடையின் முன்பக்கத் தோற்றம். அதற்கு வலது கைப்பக்கம் மேடையைப் பக்கவாட்டில் நின்று பார்த்த தோற்றம். அந்த இரண்டாவது படத்தில்தான் ஏணி வாசல் தெரிந்தது.

அது மேடையின் இடது பக்கமா, வலது பக்கமா? நம்மிடம் அதுவரை வந்த தாள்களில் எல்லாம் வலது பக்கம் வரைந்திருந்தால் அது இடது பக்கத்துத் தோற்றம். அது எப்படியோ எனக்குப் பழகிப்போயிருந்தது. காரணம் தெரியாது, வழக்கம் மட்டும் தெரியும். "வாசல் இடது பக்கம்" என்று ஆரோக்கியசாமியிடம் சொன்னேன். அவர் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பாய், இந்தத் தாளு வழக்கமா வர்ற மாதிரி இல்ல. மூலையில இருக்கிற படம் மாறியிருக்கு. மில்லுக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுடலாமா?" என்றார். பட்டறையின் மற்ற இரண்டு ஆட்களும் பக்கத்தில் நின்றார்கள். போன் போட்டுக் கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். "சவுதியில இந்த மாதிரி ஆயிரம் பார்த்திருக்கேன். நீ வெல்டிங்கைப் பாரு" என்றேன். அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு வெல்டிங்குக்குப் போனார்.

மேடையை மில்லில் தூக்கி நிறுத்திய அன்று என்ன நடந்தது என்பதில் பாதியைத்தான் நீ கேள்விப்பட்டிருக்கிறாய். மீதியைச் சொல்கிறேன். செயின் பிளாக்கில் மேலே ஏற்றி போல்ட் மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ஏணி வாசல் சுவரைப் பார்த்துத் திறந்து நிற்கிறது. வாசலுக்கும் சுவருக்கும் நடுவே பூனை கூட நுழையாது. திறந்த பக்கத்தில் கைப்பிடி முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. மறுநாள் மெஷினை ஓட்டிப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மில் மேனேஜர், அவருடைய ஆட்கள், நம் ஆட்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். "யாரு பாய் இதை மார்க் பண்ணினது?" என்று மேனேஜர் சத்தம் போட்டார். என் வாய் திறந்துகொண்டது. "நான் சரியாத்தான் சொன்னேன் சார். இவன்தான் மாத்தி அடிச்சுட்டான்" என்று ஆரோக்கியசாமியைக் கைகாட்டினேன். எத்தனையோ வருஷமாக "ஆரோக்கியம்" என்று கூப்பிட்ட வாய், அன்றைக்கு "இவன்" என்றது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கையுறையைக் கழற்றி வெல்டிங் மெஷினின் மேல் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்து போய் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அங்கேயே கைப்பிடியை அறுத்து மாற்றி ஒட்டினோம். அந்த ஒட்டு அவர் ஒட்டு மாதிரி இல்லை.

அடுத்த வாரம் நீ கல்லூரி விட்டுப் பட்டறைக்கு வந்தாய். அந்தத் தாள் மேஜையில் கிடந்தது. ஆசையாக எடுத்துப் பார்த்தாய். நான் மில்லில் சொன்ன கதையையே உன்னிடமும் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே தாளின் மூலையைப் பார்த்தாய். அங்கே கட்டத்துக்குள் ஒரு சின்னப் படம் இருந்தது: தலையை வெட்டின கூம்பு ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். ஆரோக்கியசாமி சொன்ன அதே மூலை. ஆட்கள் எல்லோரும் கிளம்பிப் போகும் வரை காத்திருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பிறகு கைகழுவுகிற இடத்தில் இருந்த துணி சோப்பை எடுத்து வந்து, ஒரு பக்கத்தில் ஆணியால் கீறிவிட்டு, ஒரு காகிதத்தின் நடுவில் வைத்தாய்.

"அத்தா, இந்தக் கீறல் சோப்போட வலது பக்கத்துல இருக்கு. நான் வலது பக்கம் நின்னு பார்த்து, பார்த்ததை அந்த வலது பக்கமே வரைஞ்சா அதுக்கு மூன்றாம் கோணம்னு பேரு. அதே தோற்றத்தை எதிர்ப்பக்கம், இடது பக்கம் வரைஞ்சா முதல் கோணம். நம்ம ஊர்ல பெரும்பாலும் முதல் கோணம்தான். இந்தத் தாளு மூன்றாம் கோணம். வட்டம் ரெண்டும் கூம்புக்கு இடது பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் அடையாளம்."

"அப்படின்னா?"

"வாசல் வலது பக்கம் வரணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "இடது பக்கம்னு யாரு சொன்னது அத்தா?"

நான் தாளைச் சுருட்டி வைத்தேன். நீயும் இரண்டாவது முறை கேட்கவில்லை. சோப்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "ஆரோக்கியசாமி மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்கத்தா. நீங்க சொன்னாதான் சரியா இருக்கும்" என்றாய். குரல் உயரவில்லை. பத்தொன்பது வயது உனக்கு. அந்த வயதில் நான் ஒருவனின் தப்பைக் கண்டுபிடித்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். நீ யார் காதிலும் விழாமல் என்னிடம் மட்டும் சொன்னாய். உன் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாய். "போன்ல பேசிட்டேம்மா. அவருக்கு ஊர்லயே வேலை கெடைச்சிருச்சாம்" என்றேன். அது பொய், பர்வீன். நான் போன் போடவே இல்லை. இதைத்தான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இத்தனை நாள் இழுத்தேன். அந்தப் பெருநாளுக்கு நீ பிரியாணியைப் பாத்திரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு "மாமா வரலையா?" என்று கேட்டபோது, உன் அம்மா "தூரமாப் போயிட்டாருல்ல, பஸ்ஸு கெடைச்சிருக்காது" என்று எனக்காகப் பதில் சொன்னாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்போதும் நான் போன் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வருஷங்கள் போய்விட்டன.

ஆனால் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நீதான் கற்றுக்கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு "வாங்கத்தா" என்பாய். பிளான், எலிவேஷன், செக்ஷன் என்று அதுவரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. மேலே இருந்து நேராகக் கீழே பார்த்தால் பிளான், எதிரே நின்று பார்த்தால் எலிவேஷன் என்றாய். செக்ஷன் என்றால் என்ன என்று நான் விழித்தபோது, "நீங்க தினமும் சதுர பைப்பை அறுத்து உள்ளே எவ்வளவு கனம்னு பார்க்கிறீங்களே, அதேதான். இங்கே அறுக்காமலே அறுத்த மாதிரி வரையறோம்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாகச் செய்கிற வேலைக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. விட்டு விட்டுப் போட்ட கோடு எதற்கு என்று கேட்டேன். "அந்த விளிம்பு இருக்குத்தா. இந்தப் பக்கம் நின்னா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாய். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று மாறி மாறி வந்தால் அது நடுக்கோடு; ஓட்டை போடும்போது முதலில் அதைப் பிடிக்க வேண்டும். நான் "ரெண்டு நூல் கூட" என்றால் "மில்லிமீட்டர்ல சொல்லுங்க" என்பாய். கம்ப்யூட்டரில் எதையும் நிஜ அளவிலேயே வரைய வேண்டும், காகிதத்தில் எடுக்கும்போதுதான் சுருக்க வேண்டும் என்று நீ சொன்னதை நான் ஒரு மாதம் நம்பவில்லை. பத்தடிக் கேட் எப்படி அந்தச் சின்னத் திரைக்குள் பத்தடியாகவே இருக்கும்? பிறகு நீ கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது போல லேயர் லேயராக வரைவதைக் காட்டினாய். சுவர் ஒரு லேயர், இரும்பு ஒரு லேயர், அளவுகள் ஒரு லேயர். வேண்டாததை அணைத்து வைக்கலாம், வேண்டும்போது எரிய விடலாம். மந்திரம் மாதிரி இருந்தது. ஒரே கேள்வியை நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். மூன்று முறையும் முதல் முறை கேட்பது போலவே பதில் சொன்னாய். சவுதியில் அந்த ஃபோர்மேனிடம் நான் ஒரு முறை கூடக் கேட்காததற்குக் காரணம், அவர் முகம் சுளிப்பார் என்ற பயம். புனேயில் உன்னிடமும் யாராவது கேட்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்த மாதிரியே இரு.

ஸ்ரீரங்கத்து டீச்சர் வீட்டு மாடிப்படி இந்த வருஷம் தை மாதம் வந்தது. நீ டிசைன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. உத்திர வீதியில் பழைய வீடு. ஓய்வு பெற்ற டீச்சர் தனியாக இருக்கிறார். மாடியில் ஒரு அறை. அதில் சாயங்காலம் தெருப் பெண்பிள்ளைகளுக்குப் பாசுரம் சொல்லிக்கொடுப்பார். பழைய மரப்படி உளுத்து விழுந்து, வகுப்பு இரண்டு மாதமாக நின்றுபோயிருந்தது. நீ லீவு போட்டுவிட்டு வந்து அளந்தாய். நான் நீளம், அகலம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். நீ மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து, "சுவரு நேரா இல்லத்தா, ஒரு பக்கம் நாற்பது மில்லிமீட்டர் சாய்ஞ்சு போகுது" என்றாய். அந்தச் சாய்வுக்கு ஏற்ற மாதிரி வரைந்து கொடுத்த தாளைப் பார்த்து, நானே, உன் அத்தா, ஒரு கேள்வி கேட்காமல் படித்து, இரும்பில் கோடு போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

படியைத் தாங்குகிற இரண்டு பக்கச் சட்டங்களையும் வெட்டியாகிவிட்டது. பாதிப் படிகள் ஒட்டியும் ஆகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நீ ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து, லேப்டாப்பைப் பைக்குள் கூட வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாய். "அத்தா, மெஷினை நிறுத்துங்க." நம் பட்டறை ஆள் குமார் கட்டரை நிறுத்தினான். "என் தப்பு. அந்த வீட்டுல நடைக்கு மேலே குறுக்கே ஒரு உத்தரம் போகுதுல்ல, அதைத் தனி லேயர்ல வரைஞ்சேன். படி தெளிவாத் தெரியட்டும்னு அதை அணைச்சு வச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன். இப்பத்தான் எல்லா லேயரையும் போட்டுப் பார்த்தேன். ஆறாவது படியில நின்னா உத்தரத்துக்கு அஞ்சடி நாலு அங்குலம்தான் இருக்கு. தலை இடிக்கும்." மூச்சு வாங்கியது உனக்கு. ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் உன்னைத் தனியே அழைத்துப் போய் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. "பழைய வீடும்மா, குனிஞ்சு போனா பழகிடும். இல்லன்னா உத்தரம் இறங்கியிருக்குன்னு சொல்லிக்கலாம். அளவெடுக்கும்போது குமாரும் கூட இருந்தான்ல..." என்று இழுத்தேன். நீ என் முகத்தையே பார்த்தாய். "குமார் அண்ணன் டேப்போட ஒரு முனையைத்தான் பிடிச்சாரு. வாங்கத்தா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றாய். நான் மில்லில் செய்ததையே மறுபடி செய்யப் பார்த்தேன் என்பது, வண்டியில் உன்னைப் பின்னால் உட்கார வைத்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கே உறைத்தது.

டீச்சர் கதவைத் திறந்ததும் "வாங்கோ பாய், வாம்மா. படி தயாராயிடுத்தா?" என்று ஆவலாகக் கேட்டார். நீ உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, தப்பு என்ன, எப்படி நடந்தது, யாருடையது என்று மூன்றையும் சொன்னாய். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "நான் நாலே முக்கால் அடி. எனக்கு எங்கே இடிக்கப் போறது? வர்ற பொண்களும் இத்துனூண்டுதான். அப்படியே கொண்டுவந்து வச்சுடுங்கோ."

நல்ல வேளை, தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். நீ முடியாது என்று தலையை ஆட்டினாய். "இன்னிக்கு இடிக்காது டீச்சர். ஆனா அந்தப் பொண்ணுங்க வளருவாங்களே."

டீச்சர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "எத்தனை நாள் ஆகும்?" என்றார். "பத்து நாள். அதுக்கு மேல ஒரு நாள் கூட எடுத்துக்க மாட்டேன்" என்றாய். "ஆகட்டும். வகுப்பு ரெண்டு மாசம் நின்னாச்சு, இன்னும் பத்து நாள்தானே" என்று காபி போட உள்ளே போனார். போகும்போது என்னிடம், "நன்னா வளர்த்திருக்கேள்" என்றார். என்னால் தலை நிமிர முடியவில்லை, பர்வீன். அவர் அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்.

உனக்கு இருந்த லீவு முழுவதையும் அதற்கே கொடுத்தாய். நடை முடிந்து முற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மேடை வைத்து, படி அங்கே வலது பக்கம் திரும்பி உத்தரத்துக்கு வெளியே ஏறுகிற மாதிரி மாற்றினாய். வெட்டிவிட்ட சட்டங்களில் பெரும்பகுதியை வீணாக்காமல் அதற்குள்ளேயே பொருத்தினாய். ஒவ்வொரு துண்டையும் வரைந்ததும் குமாரையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, "இதுல ஏதாவது இடிக்குதா, பாருங்கண்ணே" என்று கேட்டாய். எந்தக் கேள்விக்கும் "நீ வெல்டிங்கைப் பாரு" என்று சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் படியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். எட்டு போல்ட்டும் சுத்தியல் தொடாமல் இறங்கின. சாயங்காலம் பாவாடைச் சிறுமிகள் திடுதிடுவென்று மேலே ஓடினார்கள். நம் குமார் ஆறடி உயரம். நீ அவனை ஏறச் சொல்லி, அவன் தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாய்.

அதற்குப் பிறகும் எனக்கு நாலு மாதம் ஆயிற்று. உன் புனே வேலைக்கு உத்தரவு வந்த அன்று, சொந்தக்காரர்கள் "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் தனியாவா?" என்று கேட்க, உன் அம்மா "அவ எங்க இருந்தாலும் சரியா இருப்பா" என்று ஒரே வரியில் வாயை அடைத்தாள். நானும் அதையே சொல்ல வாய் திறந்தேன். எனக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வையம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

ஆரோக்கியசாமி கடைத்தெருவுக்குப் பின்னால் சின்னதாகத் தகரக் கொட்டகை போட்டு, கலப்பைக்கும் டிராக்டர் டிப்பருக்கும் வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "வாங்க பாய்" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "ஆரோக்கியம், அந்த மேடை என் தப்பு. நீ கேட்கலாம்னு சொன்னே, நான்தான் விடலை. உன் மேல பழியைப் போட்டேன். மன்னிச்சுடு."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அது அன்னிக்கே தெரியும் பாய். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்ச ரெண்டு பேரு இங்க உக்காந்து பேசிக்கிறோம்" என்றார். பிறகு, "அன்னிக்குப் பதினஞ்சு பேரு முன்னாடி சொன்னீங்க. இன்னிக்குத் தனியா வந்து சொல்றீங்க" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. "என்கூட மில்லுக்கு வா. அங்கேயே சொல்றேன்" என்றேன். "நான் எதுக்கு வரணும்? நான் கேக்கவேண்டியதை அன்னிக்கே கேட்டாச்சு" என்று கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் எல்லோரையும் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். அன்று கூட இருந்த இரண்டு பேரில் குமார் ஒருவன். "எங்களுக்குத் தெரியும் பாய்" என்றான். அத்தனை வருஷமும் அவர்கள் தெரிந்துகொண்டே என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஜீயபுரம் போனேன். அதே மேனேஜர்தான் இருந்தார். நான் மேடை என்று ஆரம்பித்ததும் "எந்த மேடை?" என்றார். அவருக்கு மறந்தே போயிருந்தது. அத்துடன் திரும்பியிருக்கலாம். உன்னை நினைத்துக்கொண்டு, தப்பு என்ன, எப்படி நடந்தது, யாருடையது என்று நீ டீச்சரிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். மில் ஆட்கள் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். மேனேஜர் முகம் மெல்ல மாறியது. "அந்த வெல்டரா? அதுக்கப்புறம் இங்க ரெண்டு மூணு பெரிய வேலை வந்துச்சு பாய். ஒருத்தர் அவரு பேரைச் சொன்னாரு. நான்தான், மாத்தி அடிக்கிற ஆளு வேண்டாம்னுட்டேன். நீங்க சொன்னதை வச்சுத்தானே சொன்னேன்" என்றார்.

என் ஒரு வார்த்தை நான் இல்லாத இடத்திலும் நின்று அந்த மனுஷனுடைய வேலையைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. அதுவரைக்கும் என் மனச்சாட்சியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அவர் இழந்ததைப் பற்றி யோசித்ததில்லை. மேனேஜரிடம் அவருடைய போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது வண்டியை முக்கொம்புச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். குமாரும் மற்றவனும் தள்ளிப் போய் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உன்னிடம் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை, மகளே. பிள்ளைக்கு அப்பா மேல் மரியாதை இருப்பதுதான் வழக்கம். நம் வீட்டில் அது எதிர்த் திசையிலும் ஓடுகிறது. உன் கை வேகத்துக்கு உன் ஆபீஸில் பெயர் இருக்கிறது என்று சொல்கிறார்கள், சந்தோஷம். ஆனால் உன் கையைவிட, பட்டறை வாசலில் நின்று "என் தப்பு" என்று சொன்ன உன் வாயைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே பெரிய கம்பெனி. நீ வரைவதை வெட்டுகிற ஆளை நீ பார்க்காமலே போகலாம். முடிந்தபோதெல்லாம் போய்ப் பார். அவர் தயங்கி ஏதாவது கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கேள். நான் பொய் சொன்னதற்கு உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், வைத்துக்கொள். ரயிலில் இருந்து போன் போட்டுத் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். வேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் அதிகமாம், அம்மா வைக்கிற கம்பளியை வெளியே எடுத்துப் போட்டுவிடாதே.

இதை முடிக்கலாம் என்று இருந்தபோது போன் அடித்தது. ஆரோக்கியசாமி. அன்று மில்லுக்குப் போய்விட்டு வந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. "மில்லுல இருந்து கூப்பிட்டாங்க பாய். திங்கக்கிழமை வந்து வேலையைப் பார்க்கச் சொல்றாங்க" என்றார். நான் "சரி ஆரோக்கியம்" என்றேன். அத்துடன் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "நம்ம பர்வீனு வெளியூருக்கு வேலைக்குப் போகுதாமே, குமார் சொன்னான். எப்பக் கெளம்புது?" என்றார். சனிக்கிழமை என்றேன்.

"பத்திரமாப் போயிட்டு வரச் சொல்லுங்க. மாமா சொன்னாருன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேனம்மா.

அத்தா